மாமியின் திரைக்கு முன்னால் ஒரு டிஸ்க் சண்டை

எங்கள் புத்தளம் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் பெட்டி கட்டுவது மாப்பிள்ளைதான். பெண் பிறந்த வளவிலேயே இருப்பாள். நான் ஒரு சூட்கேசும் இரண்டு மூட்டைப் புத்தகமுமாக, பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் வீதியோரத்தில் இருந்த மாமி வளவுக்கு வந்து இறங்கியபோது, அங்கே எனக்கு முன்னரே ஒரு மாப்பிள்ளை இருந்தார். இருந்தார் என்றால், சுவரில் போட்டோவாக இருந்தார். மனைவியின் ராத்தாவை, அதாவது அக்காவைக் கட்டியவர், என் சகலன். ஆள் கட்டாரில். அடுத்தவர்களுக்குக் குளிர் வருவதற்காக மொட்டை மாடிகளில் வெயிலில் நின்று ஏசி திருத்துகிற வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருதடவை இரண்டு மாத லீவில் வருவார். வந்த முதல் வாரம் விருந்தாளி, கடைசி வாரம் பிரயாணி, நடுவில் கொஞ்சம் மனிதர்.

அண்ணன் என்ற கணக்கில் அவரை நான் நானா என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். சண்டை வந்தால் மச்சான் என்பார்.

வளவுக்குள் மூன்று வீடு. ஓரத்தில் எங்கள் இருவருடையதும், நடுவில் மாமியுடையதும். தொலைக்காட்சி மட்டும் ஒன்று. மௌத்தாகி மண்ணுக்குப் போன மாமா வாங்கியது. முன்னால் கண்ணாடி உப்பி, பின்னால் கூன் விழுந்து, இரண்டு பேர் சேர்ந்து தூக்கவேண்டிய சாமான். மாமியின் ஹோலில் அலுமாரிக்குப் பக்கத்தில் அது குந்தியிருந்தது. அதன் முதுகில் வயர் கொளுவ மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று துளைகள். அந்த மூன்று துளைகளுக்காகத்தான் நானும் நானாவும் ஒரு வாடைக்காற்றுக் காலம் முழுவதும் மல்லுக்கு நின்றோம்.

மாமியைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் எங்கள் இருவரோடும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. கோபம் எதுவுமில்லை, மருமகன்மாரோடு அவருக்கு அதுதான் முறை. ஹோலுக்கும் குசினிக்கும் நடுவில் ஒரு பூப்போட்ட சீத்தைத் திரை தொங்கும். அதற்குப் பின்னால் நின்று, "மருமகனுக்கு இன்னொரு கரண்டி சோறு வைக்கச் செல்லு" என்று மகளுக்குச் சொல்வார். மகள்மார் வீட்டில் இல்லாவிட்டால் சுவருக்குச் சொல்வார்: "ஆணத்துக்கு உப்புக் காணுமோ தெரியா." நானும் சுவரைப் பார்த்து, "காணும், போதும்" என்பேன். எங்கள் வீட்டுச் சுவருக்கு நல்ல காது.

அந்த முறை நானா ஹஜ்ஜுப் பெருநாளைக்கு இரண்டு நாள் இருக்க வந்து இறங்கினார். பெட்டிகளுக்குள் வழமையான சோப்பும் போர்வையும் பால்மாவும். கடைசியாக, பிள்ளையைத் தூக்குவதுபோல் ஒரு கறுத்த மெஷினைத் தூக்கி மேசையில் வைத்தார். கூடவே அதைவிடப் பாரமான ஓர் இரும்புப் பெட்டி. மெஷின் அமெரிக்கக் கரண்டுக்குச் செய்தது, எங்கள் கரண்டை நேரே கொடுத்தால் கருகிப்போகும், அந்த இரும்புப் பெட்டி கரண்டைப் பாதியாக்கிக் கொடுக்குமாம்.

"என்ன நானா இது, டிவிடி தானே?"

"டிவிடியா?" அவர் முகத்தில் ஓர் இரக்கம். "தம்பி, டிவிடி மௌத்து. இது எச்.டி. டிவிடி. மீன்ட செதில எண்ணலாம்."

சிவப்பு உறைகளில் நாலைந்து படம் கொண்டுவந்திருந்தார். அதில் ஒன்றில் கதை கிடையாது, ஆள் கிடையாது, ஒன்றரை மணிநேரம் கடலுக்கடியில் மீன்கள் மட்டும்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. ஏனென்றால் என் வீட்டுக் கட்டிலுக்கடியில் ஒரு நீலக் கட்சி இருந்தது.

அந்த வருடங்களில் உலகம் டிவிடிக்கு அடுத்தது எது என்று இரண்டாகப் பிரிந்து நின்றது. ஒரு பக்கம் எச்.டி. டிவிடி, சிவப்பு உறை. மறு பக்கம் புளூ-ரே, நீல உறை. படக் கம்பனிகளில் சில இந்தப் பக்கம், சில அந்தப் பக்கம். விளையாட்டுப் பெட்டி செய்கிறவர்களும் அப்படியே: ஒருவர் தன் பெட்டிக்குள்ளேயே நீலத்தைப் புதைத்து விற்றார், மற்றவர் சிவப்பைத் தனிப் பெட்டியாகச் செய்து பக்கத்தில் கொளுவச் சொன்னார். ஒன்றின் டிஸ்க் மற்றதற்குள் போனால் மெஷின் முனகும், துப்பிவிடும். இத்தனைக்கும் இரண்டையும் வாசிப்பது ஒரே நிற ஒளிதான், ஊதா கலந்த நீலம். பகை உறையில் மட்டும்.

நான் அப்போது புத்தளம் டவுனில் ஒரு கம்பியூட்டர் வகுப்பில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். இத்தாலியிலிருந்து லீவில் வந்திருந்த ஒரு மாரவில ஊர் ஆள், திரும்பிப் போகும் அவசரத்தில், நீலம் புதைத்த விளையாட்டுப் பெட்டி ஒன்றை என் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தார். கார் ஓட்டுகிற விளையாட்டு ஒன்று, கட்டடங்கள் வெடிக்கிற படம் இரண்டு. நானா வந்த அன்று பின்னேரமே அதைத் தூக்கிக்கொண்டு மாமியின் ஹோலுக்குப் போனேன்.

நானா பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "இதென்ன, பாண் சுடுற போறணையா?"

"புளூ-ரே, நானா. உங்கட டிஸ்க்கவிட இதுக்குள்ள கூடப் புடிக்கும்."

"கூடப் புடிச்சி? சாக்குலயும்தான் கூடப் புடிக்கும். வெத்தில வாங்கச் சாக்கு கொண்டா போறீங்க?"

அப்படித் தொடங்கியது. துளை மூன்றுதான் என்பதால் ஒருவர் வயரைக் கழற்றினால்தான் மற்றவர் கொளுவலாம். பெருநாள் விருந்துக்கு வந்த சொந்தக்காரர்கள் சோற்றைப் பிசைந்தபடி ஒரு சிவப்புப் படம், ஒரு நீலப் படம் என்று மாறி மாறிப் பார்த்தார்கள். "தெளிவு எண்டா இது தெளிவு" என்று நானா தொடையில் தட்டுவார். நான் கண்ணாடிக்கு மூக்கை ஒட்டவைத்து, "இந்த ஆள்ட மீசைல ஒரு நரை தெரியுது, பாருங்க" என்பேன். உண்மையில் தெரிந்தது. அல்லாஹ்மேல் ஆணையாக அன்றைக்கு அந்த நரையைக் கண்டேன்.

என் மனைவி மட்டும், "எல்லாம் சந்திக் கடைல விக்கிற கள்ளக் கொப்பி மாதிரித்தான் இரிக்கி" என்றாள். உனக்குக் கண்ணாடி போடவேண்டும் என்றேன். அவள் இரவுச் சாப்பாட்டுக்கு ஆணமில்லாமல் வெறும் பாண் துண்டை வைத்தாள்.

வாக்குகளில் பெரிய வாக்கு திரைக்குப் பின்னால் இருந்தது. மாமி வெடிக்கிற படத்துக்குத் திரையை இழுத்து மூடுவார். மீன் படம் தொடங்கினால் சீத்தை ஒரு சாண் விலகும். பிறந்த நாள் முதல் கடலோரத்தில் இருந்தவர், கரைக்கு வந்த மீனைத்தான் பார்த்திருக்கிறார். அது வீட்டிலிருக்கும்போது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் பார்த்தார். "திருக்கை," என்று குரல் வரும். "இதுக்கு வெந்தயம் கூடப் போடணும்." பிறகு, "கலவா. பாரு, பெரிய வீட்டுக்காரி மாதிரிப் போறா." நானா என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கொழும்புக்குப் போன ஒரு கூட்டாளியைப் பிடித்து, அதே மீன் படத்தை நீல உறையில் தேடிக் கொண்டுவரச் சொல்லிவிட்டேன். அவன் தேடிப் பிடித்துவிட்டான்.

லீவு பாதி போயிருந்த ஒரு காலையில் நானா என்னைச் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு பாலாவிச் சந்திக்குப் போனார். லொறிகளும் பஸ்களும் ஒன்றையொன்று திட்டுகிற சந்தி. வீதி நடுவில் இரண்டு கழுதைகள் யாருக்கும் வழிவிடாமல் யோசித்துக்கொண்டு நின்றன. அவற்றைச் சுற்றிக்கொண்டு போய், பூட்டிக் கிடந்த ஒரு கடை அறைக்கு முன்னால் நிறுத்தினார்.

"தம்பி, இதுதான்."

"எது?"

"கட. சிவப்பு டிஸ்க் கட. வாடகைக்குக் குடுக்குறது. கட்டார்ல ஒரு ஆளோட கதச்சி வெச்சிரிக்கன், படம் அவர் அனுப்புவார். புத்தளத்துல இப்ப ஒருத்தன்கிட்டயும் இல்ல. ரெண்டு வருசத்துல எல்லா ஊட்லயும் இந்த மெஷின்தான். அப்ப எங்கிட்டத்தான் வரணும்."

"வந்தா?"

"வந்தா நான் போகத் தேவல்ல."

கழுதைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். திரும்பிப் போவதற்கு டிக்கெட் கைவசம் இருந்தது. பயணம் அடுத்த மாதம் இருபத்தைந்தாம் திகதி.

"கட இல்லாட்டியும் நிக்கலாம்தானே, நானா?"

"சும்மா நிண்டா ஊரு என்ன செல்லும்? வேலையால வெரட்டிட்டாங்க எண்டு செல்லும். நோய் எண்டு செல்லும். கட போட்டா, கட போட்டிட்டார் எண்டு மட்டும்தான் செல்லும்." சைக்கிள் மணியை ஒருமுறை அடித்தார். "மகள் போட்டோவக் காட்டி வாப்பா எங்கிறா. என்னக் காட்டி, வந்தவங்க எங்கிறா."

அதற்கு நான் ஏதாவது சொல்லியிருக்கவேண்டும். அன்று பின்னேரம் வயரைக் கழற்றி நீலத்தைக் கொளுவினேன். அவரும், "மச்சான், கைய எடுங்க!" என்று பாய்ந்தார். அப்போது எனக்கு அது விளையாட்டாகவே இருந்தது.

செய்தி வந்தது அடுத்த மாதம். வகுப்பில் பிள்ளைகள் இல்லாத நேரம், இன்டர்நெட் அம்மி அரைக்கிற வேகத்தில் ஒரு பக்கத்தைத் திறந்தது. சிவப்பு டிஸ்க்கைக் கண்டுபிடித்து அதுவரை தூக்கிப்பிடித்திருந்த கம்பனியே, இனி அந்த மெஷினைச் செய்வதில்லை என்று சொல்லிவிட்டது. சண்டை முடிந்தது. நீலம் வென்றுவிட்டது.

எழும்பிக் கதிரையை ஒருமுறை சுற்றினேன். பக்கத்தைப் பிரிண்ட் எடுத்தேன், நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நானாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை. "நானா, ஒரு மையத்துச் செய்தி, சிவப்பு மௌத்து" என்று தொடங்கலாமா? இல்லை, மாமியின் காதில் விழும்படி, சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து, சுவரைப் பார்த்தே சொல்லலாமா? சிரித்துக்கொண்டே வந்தேன். பாலாவியில் உப்பளப் பாத்திகள் யன்னலுக்குள் வெள்ளையாக வந்து விழுந்தன, பஸ் சந்தியில் நின்றது, அந்தப் பூட்டிய கடைக் கதவு நேரே என் முகத்துக்கு முன்னால். கதவில் யாரோ புதிதாக நீலப் பெயின்ட் ஒரு பூச்சு பூசிப் பார்த்திருந்தார்கள். பூசியது யார் என்று எனக்குத் தெரியும், முதல் நாள் நானாவின் நகத்தில் அதே நீலம் இருந்தது. என் பையிலிருந்த தாள் பாரமாகிவிட்டது.

மனைவியிடம் காட்டினேன். அவள் வாசித்துவிட்டு மடித்தாள். "செல்லாதீங்க. ராத்தா அந்தக் கடைக்கித் திரைச்சீலகூட வெட்டிட்டா."

"நான் செல்லாட்டியும் தெரியவரும்தானே."

"வரட்டும். உங்கட வாயால வர வேணா."

அதற்குப் பிறகு நான் மிக நல்ல சகலனாக இருந்தேன். வயரை நானே கழற்றிக் கொடுத்தேன். அவர் மீன் படம் போட்டால், "அட, செதில்!" என்றேன். நானா என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "என்ன தம்பி, வயித்துல ஏதும் கோளாறா?" என் அடக்கம் அவருக்கு இன்னும் தைரியத்தைக் கொடுத்துவிட்டது. பயணத்துக்கு மூன்று நாள் இருக்கையில், ஒரு முடிவு தெரியவேண்டும் என்று தீர்மானித்துவிட்டார். வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு, எல்லார் முன்னிலையிலும், ஒரே படத்தை இரண்டு மெஷினிலும் போட்டுப் பார்ப்பது. நடுவராக, சந்தியில் கொப்பிப் படம் விற்கிற அண்ணனைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து யுத்த காலத்தில் இடம்பெயர்ந்து வந்து, எங்கள் பக்கத்திலேயே வேர்விட்டவர். தொழிலில் எதிரியாகப் போகிறவரையே நடுவராக வைத்தால் பேச்சிருக்காது என்பது நானாவின் கணக்கு.

அண்ணன் வந்தார், பால் போடாத பிளேன்டி குடித்தார், தன் பையிலிருந்து ஒரு சாதாரண டிவிடி மெஷினையும் எடுத்து வைத்தார். "நானும் ஒண்டு கொண்டந்தனான். இந்த மீன் படம் என்ரை கடையிலையும் கிடக்கு. கொப்பிதான். சும்மா ஒரு துணைக்கு."

எங்கள் இருவரையும் சுவரைப் பார்க்கத் திருப்பி உட்காரவைத்தார். வயரை மாற்றி மாற்றிக் கொளுவி, மூன்றிலும் அதே திருக்கை வருகிற இடத்தைப் போட்டு, ஒவ்வொரு தடவையும் எங்களைத் திரும்பிப் பார்க்கச் சொன்னார். மெஷின்களுக்கு மேலே போர்வை. எது எது என்று சொல்லவேண்டும்.

முதலாவது. "இது என்ட," என்றார் நானா, நெஞ்சைத் தட்டி. "அந்தத் தண்ணிர நீலத்தப் பாருங்க!"

இரண்டாவது. "அப்ப இது என்ட," என்றேன்.

மூன்றாவது. "ஊத்த," என்றார் நானா. "இது அண்ணன்ட கொப்பி. கண்ணு நோகுது."

அண்ணன் போர்வையைத் தூக்கினார். முதலாவது அவருடைய கொப்பி. மூன்றாவது, கண் நோகவைத்தது, நானாவின் சிவப்பு. என் நீலத்தை நான் சரியாகச் சொன்னது குருட்டுவாக்கில்.

நானாவின் மனைவி, என் மதினி, முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். என் மனைவி எதையும் மறைக்கவில்லை.

"அட தம்பிமாரே," என்று அண்ணன் தொலைக்காட்சியின் கூன் முதுகைத் தட்டினார். "இது அந்தக் காலத்துப் பெட்டி. நீங்கள் பொன்னை ஊத்தினாலும் இதுக்குள்ளாலை தண்ணிதான் வரும். இந்த மஞ்சள் வயருக்கை அந்தத் தெளிவு போகாது. அதுக்கு வேறை டிவி, வேறை வயர். ரெண்டு மாசம் என்னத்தைப் பாத்தனீங்கள்?"

எதைப் பார்த்தோம்? செதில். நரை. நாங்கள் பார்க்க விரும்பியதை எல்லாம் பார்த்தோம்.

நானாவும் சிரித்துவிட்டார். கதை அந்த இடத்தில் நின்றிருக்கலாம். ஆனால் அண்ணன் வயரைச் சுருட்டிக்கொண்டே, கெட்ட எண்ணம் துளியும் இல்லாமல், "மற்றது, அந்தச் சிவப்பு செத்துப்போச்செல்லோ. இனிச் செய்யமாட்டினமாம். பேப்பரிலை கிடந்தது" என்றார்.

இரும்புப் பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. நானா என்னைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியுமா, தம்பி?"

"ஓம்."

"எப்பேலிருந்து?"

"மூணு நாளா."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் குனிந்து இரும்புப் பெட்டியின் சுவிட்சை அணைத்தார். "அப்ப சரி," என்றார். "பெட்டி கட்டோணும்." அதை யாரிடமும் சொல்லவில்லை, மெஷினுக்குச் சொன்னார்.

சீத்தைத் திரை விலகியது. ஒரு சாண் அல்ல, முழுவதாக. மாமி தலையில் முக்காட்டை இழுத்துவிட்டபடி வாசற்படியில் நின்றார். அவர் முகத்தை அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு நேராக நான் அதுவரை பார்த்ததில்லை.

"மருமகன்," என்றார். மகளைப் பார்க்கவில்லை. சுவரையும் பார்க்கவில்லை. "உங்களுக்குப் போகப் புடிக்கல்ல எண்டா, புடிக்கல்ல எண்டு செல்லுங்க. அதுக்கு எதுக்கு மெஷின்?"

நானா எழும்பி நின்றுவிட்டார், ஸ்கூல் பிள்ளை மாதிரி.

"ஊருக்கு என்ன மாமி செல்ற?" அவரும் முதல்தடவையாக நேரே கேட்டார்.

"ஊரு எங்கிட்டத்தான் வந்து கேக்கும். நான் செல்லிக்கிறன், நான்தான் நிக்கச் சென்ன எண்டு." திரையின் நுனியைப் பிடித்தார். "அந்த மீன் படம் இருக்கட்டும். அத எந்தப் பொட்டில போட்டாலும் பரவால்ல."

திரை மூடிக்கொண்டது. உள்ளே ஏதோ சட்டி ஒன்று தேவைக்கு மேல் சத்தமாக உருண்டது. அண்ணன் தன் மெஷினைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "நான் அப்ப போட்டு வாறன்" என்று மெல்ல நழுவினார். மதினி அழுதுகொண்டே பிளேன்டிக் கோப்பைகளை எடுத்தாள்.

இருபத்தைந்தாம் திகதி விமானம் நானா இல்லாமல் போனது.

பாலாவிச் சந்திக் கதவு நீலமாகவே பூசி முடிந்தது. உள்ளே டிஸ்க் இல்லை. வயர், ரிமோட், அன்டெனா, பிளக், மஞ்சள் வெள்ளை சிவப்புத் தலைகள், ஒன்றுக்கு ஒன்று பொருந்தாவிட்டால் நடுவில் கொளுவுகிற குட்டித் துண்டுகள். எந்தக் கட்சி வென்றாலும் வயர் வேண்டும் என்று அந்த வெள்ளிக்கிழமை அவருக்கு விளங்கியிருந்தது. இப்போது அங்கே போன் சார்ஜர்தான் அதிகம் போகிறது. கொப்பிக் கடை அண்ணன் தன் கடையை மூடியபின் அவருடன் வந்து சேர்ந்துகொண்டார். இரண்டு பேரும் மத்தியானம் முழுவதும் எதையாவது பற்றித் தர்க்கித்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் காலத்தில் போட்டோவைக் காட்டி வாப்பா என்ற மகள், இன்றைக்கு அவருடைய போனை வாங்கி, "வாப்பாக்கு ஒண்டும் தெரியா" என்று செட்டிங் போட்டுக் கொடுக்கிறாள். வென்ற நீலமும் அதிக காலம் கொண்டாடவில்லை. இப்போது எங்கள் வீட்டில் டிஸ்க் போடுகிற ஓட்டை உள்ள சாமான் ஒன்றுகூட இல்லை.

டிஸ்க்குகள் இருக்கின்றன. மாமி முற்றத்தில் சூடை மீன் காயப்போடுகிற வலைக்கு மேலே, நைலோன் கயிற்றில், வரிசையாகத் தொங்குகின்றன. காகம் விரட்ட. ஒரு பாதி நானாவுடையவை, மறு பாதி என்னுடையவை. புளூ-ரேயின் அடிப்பக்கம் கொஞ்சம் கருநீலம், வெயிலை விழுங்கிவிடும். எச்.டி. டிவிடியின் அடிப்பக்கம் வெள்ளி. காற்றுக்குச் சுழன்றால் முற்றமெல்லாம் பளீர் பளீர் என்று வெட்டும்.

போன கிழமைகூட நானா பல் தீட்டிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இஞ்ச வாங்க. எங்கட பக்கம் பாருங்க, ஒரு காகம் இறங்கல்ல. உங்கட நீலத்துக்குக் கீழ நாலு சூடையக் காணோம்."

"காத்து உங்கட பக்கம், நானா. அதான்."

"காத்தா? மச்சான், தோத்தா தோத்தன் எண்டு செல்லுங்க!"

மாமி கம்போடு முற்றத்துக்கு வந்தார். திரை கழற்றப்பட்டு வருடக்கணக்காகிறது. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் இப்பிடியே நிண்டு கத்துங்க," என்றார். "டிஸ்க்கக் கழட்டிரலாம்."